வீரமுத்துவின் காற்று அறிக்கை

"சனிக்கிழமை எல்லாரும் போர்ட்டிக்சன் வர்றோம். முத்தண்ணே கடல்ல பறக்கிறத நேர்ல பாக்கணும்."

பஞ்சாலை அனுப்பிய குரல் பதிவை வீரமுத்து மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையேதான் சொன்னாள்.

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து இருபது வருடமாகிறது. அங்கிருந்தவர்களில் பன்னிரண்டு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் மிஞ்சியிருந்தார்கள். பூப்படமும் காலை வணக்கமும் மட்டுமே வரும். இரண்டு வருடத்துக்கு முன் வீரமுத்து, கடற்கரையில் பாய் கட்டிய பலகை ஒன்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டார். 'காற்று 14 நாட்ஸ். அலை அரை மீட்டர். இன்று நல்ல ஓட்டம்.'

பலகை யாருடையதோ. காற்றுக் கணக்கு கைப்பேசியில் பார்த்தது.

மறுநாள் ஐந்தரைக்கே சன்னாசி கேட்டார். "இன்னிக்குக் காத்து எப்படிலா?"

அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்கு அவர் காற்றும் அலையும் எழுதினார். ஒவ்வொருவராக 'வந்துட்டேன்' என்று பதில் போட்டார்கள். தோட்டத்தில் விடிகாலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக்களத்தில், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது அப்படித்தான் சொல்வார்கள்.

வீரமுத்து எழுதினார்: 'சனிக்கிழமை காற்று 4 நாட்ஸ். பலகை நகராது.'

"அப்ப ஞாயித்துக்கிழமை வர்றோம்ணே."

ஞாயிற்றுக்கிழமைக்குக் கைப்பேசி பதினாறு நாட்ஸ் காட்டியது. 'அலை ஒரு மீட்டர். வயதானவர்கள் வரவேண்டாம்.'

"யாருடா வயசானவன்?" என்றார் சன்னாசி. வரமுடியாது என்றிருந்த இருவரும் வருவதாகச் சொன்னார்கள்.

'காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. ஆளைச் சுமத்ராவில் கொண்டுபோய் விடும்.'

"பாஸ்போட் எடுத்துக்கண்ணே," என்றாள் பஞ்சாலை. வேனும் பேசிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீரமுத்து செனாவாங் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனார். பலகை வாடகைக்கு விடும் கடை அங்கே ஒன்றுதான். கடைக்காரப் பையன் ரவிச்சந்திரன் பலகைப் பாய்களை மடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நாளைக்கு எங்க ஆளுங்க வருவாங்க. போர்டு எல்லாம் உடைஞ்சிருச்சுன்னு சொல்லிடணும்."

"ஏன்ணே?"

"நான் அதுல ஏறினதே இல்ல. தெரிஞ்சிருச்சுன்னா மறுநாள் காலைல ஒருத்தரும் பேர் குடுக்க மாட்டாங்க."

ரவிச்சந்திரன் அடுத்த பாயை எடுத்து மடித்தான்.

"சரிண்ணே."

ஞாயிறு காலை வேன் வந்தது. பஞ்சாலை மணலில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டாள். பன்னிரண்டும் சரி. உட்காரக் கோரைப்பாயை விரித்தார்கள், பறந்தது. நாசி லெமாக் சோற்றில் மணல் விழுந்தது. சன்னாசியின் தொப்பி கடலுக்குப் போனது.

"பதினாறு நாட்ஸ்னா இவ்ளோவாண்ணே?" என்று வேனில் வந்த விமலா மரியாதையாகக் கேட்டாள்.

"ஆமா," என்றார். அவரும் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

ரவிச்சந்திரன் வந்தான். "மன்னிக்கணும். போர்டு ஒன்னுகூட இல்ல. எல்லாம் உடைஞ்சிருச்சு."

அவனுக்குப் பின்னால் ஆறு பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அடடா, என்னா அநியாயம்," என்றார் சன்னாசி.

"அண்ணனுக்கு இன்னிக்குக் குடுத்து வைக்கல. கச்சான் சாப்பிடுங்க," என்று பஞ்சாலை கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

பிறகு எல்லோரும் கடலில் இறங்கினார்கள். செருப்புகளை வீரமுத்துவின் பக்கத்தில் வரிசையாக விட்டுப்போனார்கள். அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்து லோரியில் இங்கே வந்தபோதெல்லாம் அவரிடம் விட்டுப்போனது போலவே. முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவரை ஒருவர் பழைய பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காற்று பாதியைத்தான் கரைக்குக் கொண்டுவந்தது.

சாயங்காலம் வேன் கிளம்பியது. "நாளைக்கு அஞ்சரைக்கு மறந்துடாதண்ணே," என்று பஞ்சாலை ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

வீரமுத்து கடைக்குப் போனார்.

"மானத்தைக் காப்பாத்திட்ட தம்பி. நல்லவேளை, நேத்தே வந்து சொன்னேன்."

ரவிச்சந்திரன் பலகைகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே சொன்னான்:

"நீங்கதான் கடைசிண்ணே. 'அவருக்கு நீச்சல் தெரியாது, போர்டு இல்லேன்னு சொல்லிடு தம்பி, நான் சொன்னது மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்'னு ஒவ்வொருத்தரா பதினோரு பேர் முன்னாடியே போன் அடிச்சிட்டாங்க."