ஐந்து முதல் ஆறு வரை

பிழை திருத்துவதில் எனக்குப் பெயர் உண்டு. பிறர் பிழைகளை மட்டும். (இலக்கியம் படிப்பவளுக்கு வேறு என்ன வரும்?)

போத்தனூரில் எங்கள் பங்குக் கோயிலில் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நற்கருணை ஆராதனை. பீடத்தில் நற்கருணை, ஆண்டவராகவே நாங்கள் வணங்கும் அப்பம், இருக்கும்வரை எதிரே ஒருவராவது அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும், மணிக்கொருவர் மாறுவோம். யாருக்கு எந்த மணி என்ற பட்டியலை எழுதி வாசற்கதவில் ஒட்டுவது என் பொறுப்பு.

ஒரு முதல் வெள்ளியன்று, மாலை ஐந்தே முக்கால் ரயிலில், ஜெசிந்தா அக்கா கன்னியர் மடத்தில் சேரப் புறப்பட்டாள். அவள் தன் முடிவைச் சொன்ன நாளிலிருந்து இரண்டு வாரமாக நான் அவளோடு பேசவில்லை. ரயிலடியில் சொல்வதற்கென ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். மூன்று முறை திருத்தியது.

"கோயில்ல இருந்து நேரா ஸ்டேசனுக்கு வந்துரு கண்ணு," என்றாள் அம்மா.

"வந்துருவயில்ல?" என்றாள் அக்கா. தலையை மட்டும் அசைத்தேன்.

இதற்காகவே என் பெயரை நான்கு மணிக்கு மாற்றியிருந்தேன். மற்றவற்றைச் சென்ற மாதப் பட்டியலைப் பார்த்து அப்படியே பெயர்த்தெழுதியிருந்தேன்.

ஐந்தடித்தது. யாரும் வரவில்லை. ஆண்டவரைத் தனியே விட்டுப் போவதெப்படி? கைப்பேசியோ வீட்டில். வராத யாரோ ஒருவரின் பொறுப்பின்மை குறித்து, தியானம் என்ற பெயரில், நீண்டதொரு முறையீடு செய்தேன். (நல்ல செந்தமிழில்தான்.) ரயில் ஊதிவிட்டுப் போவது கேட்டது.

விளக்குப் போட வந்த உபதேசியார் என்னைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இன்னும் கெளம்பலீங்களா?"

"அடுத்தவங்க வரலீங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அஞ்சு மணிக்கு ஜெசிந்தான்னு போட்டிருக்குதுங்க. உங்கக்கா தானுங்களே?" சற்றுத் தயங்கி, "கையெழுத்து மட்டும் அச்சாட்டம் இருக்குதுங்க," என்றார்.

அவரை என் இடத்தில் அமர்த்திவிட்டு ஓடினேன். நடைமேடையில் அம்மா மட்டும் இருந்தாள்.

"வண்டி நகர்ற வரைக்கும் கதவுலயே நின்னுட்டிருந்தா. நீ எங்கடி போனே?"

"அக்கா வருவான்னு ஒக்காந்திருந்தேம்மா."

முழுக் கதையையும் கேட்டு அம்மா சிரித்துவிட்டாள். பிறகு தண்டவாளத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தாள்.

மாதம் ஒருமுறை அக்கா மடத்திலிருந்து அழைப்பாள். எடுத்ததும் அதே கேள்வி: "ஏண்டி, உன்னைய மாத்தி உட ஆளு வந்துருச்சா, இன்னும் அங்கயேதான் ஒக்காந்திருக்கியா?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ரயிலடியில் சொல்ல வைத்திருந்த அந்த வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இப்போதெல்லாம் பட்டியலில் நான்கு மணிக்கு எதிரே என் பெயர். அக்காவின் ஐந்துக்கு எதிரேயும் என் பெயர்தான். அதை மட்டும் அவளிடம் சொன்னதில்லை.