டவர் வீட்டுத் தாவத்

உலகத்தில் நேராக நடக்கத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரை ஆம்பூரில் தேடிப் பிடித்து, நேராக நடக்கும் வேலையில் சேர்த்தவள் நான்.

ஊரில் அவருக்குத் தாவத் பாய் என்று பெயர். தாவத் என்றால் விருந்துக்கு அழைப்பது. கல்யாண வீட்டார் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டால் போதும். வீடு வீடாகப் போய், யார் வீட்டு விசேஷம், எந்த மண்டபம், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று வாசலில் நின்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு வருவார். நடப்பதே தொழில். இவரைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். அப்போது எனக்கு அனுபவம் கம்மி.

நாங்கள் காட்பாடியிலிருந்து வந்து, புது மாதிரி செல்போன் டவர் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதற்கு உடம்பு ஓர் ஊரில், மூளை வேறு ஊரில். அலைகளை அனுப்பும் பெட்டி ஆம்பூரில் ஒரு கம்பத்தின் உச்சியில். முடிவெடுக்கும் கம்ப்யூட்டர் வாணியம்பாடியில் ஓர் அறையில். நடுவே ஒரு கேபிள். பெட்டி சிக்னலை ஊர் முழுக்க இறைக்காது. டார்ச் அடிக்கிற மாதிரி, போன் இருக்கும் பக்கமாகக் குவித்து அனுப்பும். எந்தப் பக்கம் அடிப்பது என்று வாணியம்பாடி சொல்ல வேண்டும்.

ஷூ கம்பெனி ஒன்றில் சொல்லி பாய்க்குத் தோலில் ஒரு மேல்சட்டை தைத்தோம். நெஞ்சில் நாலு பாக்கெட், முதுகில் நாலு. எட்டிலும் போன். கம்பத்தடியிலிருந்து தெருக்கோடி வரை நடந்து திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாள், பத்தாவது அடியில் யாரோ பின்னாலிருந்து சலாம் சொன்னார். பாய் பம்பரம் மாதிரி திரும்பினார். முதுகுப் போன்கள் கம்பத்துக்கு மறைந்தன, நெஞ்சுப் போன்கள் எதிரே வந்தன. என் லேப்டாப்பில் போனுக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த எட்டு சிக்னல் கோடுகளும் பொத்தென்று விழுந்தன. வாணியம்பாடி யோசித்துப் புதுத் திசையைச் சொல்லி அனுப்புவதற்குள் பாய் எதிர்வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், திரும்பாம நடங்க!"

"சலாம் சொன்னவன் மூஞ்சியப் பாக்காம பதில் சொல்றதா? இன்னா மேடம் பேசுறீங்க?"

"டீயாவது குடிக்காம வாங்க."

"குடுக்குறாங்களே!"

அந்தத் தெருவைக் கடக்க எனக்கு நாலு நிமிடம் ஆகும். பாய்க்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் ஜன்னலிலிருந்து கேள்வி வரும். "யார் வீட்ல கல்யாணம் பாய்?"

"டவர் வீட்ல" என்பார் பாய், கொஞ்சமும் சிரிக்காமல்.

எங்கள் மேனேஜர் பேஜாராகிப் போனார். பாயை நிறுத்திவிட்டு வேறொருவரைப் போட்டார். அவர் பட்டாளத்தார் மாதிரி நடந்தார். கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல் வந்தன. ஒரு வாரம் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: ஆம்பூரில் ஒருவரும் அப்படி நடப்பதில்லை. பாயைத் திரும்ப அழைத்துக்கொண்டேன்.

அவர் நடக்கிற மாதிரிதான் நடப்பார் என்றால், டவர்தான் மாற வேண்டும். உட்கார்ந்து புது புரோகிராம் எழுதினேன். வாணியம்பாடி இனி ஒவ்வொரு தடவையும் திசை சொல்லாது. எந்தெந்தத் திசைகள் ஆகும் என்று ஒரு சின்னப் பட்டியல் மட்டும் அனுப்பும். அதில் எது என்பதை, அந்த நொடியில் போன்களிடமிருந்து தன் காதில் விழுவதை வைத்து, கம்பத்துப் பெட்டியே முடிவு செய்துகொள்ளும்.

பாய்க்கு விளக்கினேன். "அதானே! இங்க நிக்கிற ஆளப் பத்தி வாணியம்பாடிக்காரனக் கேட்டா, அது இன்னைக்குள்ள நடக்குற வேலையா?" என்றார்.

மேனேஜர் ஒப்பவில்லை. "ஹெட் ஆபீஸ்ல இருந்து பெரியவங்க பாக்க வர்ற அன்னைக்குப் பழைய முறைதான். சொதப்புனா நம்ம டீமையே கலைச்சிடுவாங்க, தெரியும்ல?" என்றார்.

அந்த நாளும் வந்தது. கம்பத்தடியில் ஷாமியானா, நாற்காலி, தலைமை அதிகாரி. பாய் தோல் சட்டையோடு தயார். அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின்னாலேயே இன்னும் ஆறு. ஜரிகைப் புடவைகள், இஸ்திரி போட்ட ஜிப்பாக்கள், அத்தர் வாசனை. தெருவே வந்துகொண்டிருந்தது. ஒரு பெண்மணி நேரே தலைமை அதிகாரியிடம் போய், மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்து, பளபளக்கும் காகிதம் சுற்றிய சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்.

"பாய், இன்னா பண்ணீங்க?"

"வெளியூர்ல இருந்து பெரிய மனுசங்க வர்றாங்க. கூட்டம் கம்மியா இருந்தா நமக்கு மரியாதையா மேடம்? அதான் ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்."

பந்தலில் பிரியாணி வாசனை இல்லை என்றதும், வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து, வந்துகொண்டிருந்தவர்களுக்கும் வெளியூர்ச் சொந்தங்களுக்கும் வீடியோ கால் போட்டார்கள். திரையில் அத்தனை கோடுகளும் படுத்துவிட்டன. அதிகாரி கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். யாரையும் கேட்காமல், நான் புது புரோகிராமுக்கு மாற்றினேன்.

ஒன்று எழுந்தது. இன்னொன்று எழுந்தது. பிறகு கொத்தாக எழுந்தன. பாய் ஒவ்வொருவரையும் கட்டித் தழுவி, இடமும் வலமுமாகச் சுழன்றுகொண்டிருந்தார். அவருடைய எட்டுக் கோடுகளும் அசையவே இல்லை. யாரோ சவூதியில் இருக்கும் தம்பியிடம் கத்தினார்: "நீ கண்ணாடி மாதிரி தெரியுறடா! சாப்பாடுதான் கண்ணுல தெரியல!"

"இந்தக் கூட்டம் உங்க பிளான்ல இருந்ததா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார், நெரிசல் சோதனை" என்றார் மேனேஜர், கண் இமைக்காமல். சொல்லிவிட்டு, கிடைக்கிற பிரியாணியை எல்லாம் வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினார்.

டீம் பிழைத்தது. அறிக்கை எழுதியபோது, பங்கெடுத்தவர்களின் பெயர்களைப் போட வேண்டியிருந்தது. பாயிடம் முழுப் பெயர் கேட்டேன்.

"அதப் போட்டா எவனுக்குத் தெரியும் மேடம்? தாவத் பாய்னே போடுங்க."

இரண்டு டாக்டர் பட்டக்காரர்களுக்கு நடுவே அப்படியே போட்டேன். மேனேஜர் அந்தப் பெயரை இரண்டு முறை எடுத்தார். நான் மூன்று முறை சேர்த்தேன்.