யாராவது விழும்வரை

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை நலம். அதுதான் இப்போது சிக்கலே.

எங்கள் கட்டடத்தில் எல்லா மாடிப்படிக் கைப்பிடிகளும் ஆடுகின்றன. எங்கள் மூன்றாம் மாடிக் கைப்பிடி விழப்போகிற பால்பல் மாதிரி ஆடுகிறது. உங்கள் தங்கை தினமும் நான்கு தடவை துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதைப் பிடித்துத்தான் இறங்குகிறாள், ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது என்று பராமரிப்பு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, "யாராச்சும் விழுந்தாங்களா?" என்றார். "இன்னும் இல்லைங்க." "அப்ப விழுந்ததும் வாங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினார். விழுந்தவர் பெயர், விழுந்த தேதி, அடிபட்ட இடம் என்று மூன்று கட்டங்கள். தேதிக் கட்டத்தில் 'விரைவில்' என்று எழுதிக் கொடுத்தேன். சரியாக நிரப்பவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

சரி, யார் விழுவது என்று முடிவு செய்யக் குடியிருப்போர் கூட்டம் போட்டோம். தையல்காரர் கைநிறைய வேலை இருக்கிறது, மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றார். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், "நான் விழறேன், ஆனா எனக்கு அடிபடாது, பழக்கம்" என்று மார்தட்டினார். அடிபடாவிட்டால் மூன்றாவது கட்டம் காலியாக இருக்குமே என்று அவரைக் கழித்துவிட்டோம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கூட்டம் அத்துடன் கலைந்தது.

ஆகவே மச்சான், யாராவது ஒரு புண்ணியவான் விழும்வரை உங்கள் தங்கையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் சிரிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கு ஒன்று ஆனபிறகு வருகிற கைப்பிடி எனக்கு எதற்கு?

உங்கள் வீட்டில் அனைவரும் நோய்நொடியின்றி, முடிந்தவரை தரைத்தளத்திலேயே, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இதை நான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட இறங்கியவர் தானே விழுந்துவிட்டார். வலது கையில் மாவுக்கட்டு. சாயங்காலத்துக்குள் புதுக் கைப்பிடி, புது பல்பு, 'கவனம்' என்று பெரிய பலகை எல்லாம் வந்துவிட்டன, எங்கள் மாடிக்கு மட்டும். மற்ற மாடிக்காரர்கள் ஆளாளுக்குப் பழத்தோடு பார்க்க வருகிறார்கள், கிளம்பும்போது, "கட்டு பிரிச்சதும் எங்க மாடியிலயும் ஒரு தடவை..." என்று இழுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. இவரோ பெரிய மனிதராகிவிட்ட மிதப்பில், "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். நான் வரவில்லை அண்ணா. உடனே வந்து இவரை அழைத்துக்கொண்டு போங்கள்.