சுவரில் வைத்த காது

அந்தப் பெரியவர் மறுபடியும் ஆலையின் கருங்கல் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

வெர்னா டட்டில் கதவோரத்திலிருந்து அவரையே கவனித்தாள். பாழாய்க் கிடந்த பழைய மாவு ஆலையை, சுற்றுலாக்காரர்கள் வருவார்கள் என்று நம்பி ஊரே சேர்ந்து திரும்பக் கட்டியிருந்தது. கமிட்டித் தலைவி அவள்தான். ‘ஓடைத் தண்ணீரால் மட்டுமே சுற்றும் சக்கரம்’ என்று வாசலில் பலகை வைத்ததும் அவள்தான். கோடையில் ஓடை மெலிந்து சக்கரம் நகர மறுத்தபோது, தச்சன் லைலைக் கொண்டு சுவருக்குப் பின்னால் ரகசியமாக மோட்டார் மாட்டியதும் அவளேதான்.

“மோட்டார் சத்தத்தைக் கண்டுபிடிச்சுட்டாரு, லைல். பத்திரிகைக்காரராத்தான் இருக்கணும்,” என்று வெர்னா கிசுகிசுத்தாள்.

“பேசிப் பாத்தியா?”

“வாயே தெறக்கல. தலைய மட்டும் ஆட்டுறாரு. சரியான கல்லுளிமங்கன்.”

மோட்டார் சத்தத்தை அமுக்க லைல் தன் பிடிலை எடுத்துவந்து சுவரோரம் நின்று வாசித்தான். பேருந்தில் வந்த பயணிகள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். பெரியவர் மட்டும் கண்ணை மூடி, இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டார்.

“உன் பிடிலையும் தாண்டிக் கேக்குறாரு பாரு.”

உபசரித்து மடக்கலாம் என்று வெர்னா மேப்பிள் மிட்டாய் நீட்டினாள். வேண்டாமென்று கையை ஆட்டியவரை வற்புறுத்தி வாயில் போட வைத்தாள். கடித்ததும் அவர் முகம் கோணியது, கண்ணில் நீர் கோத்தது. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவருக்கே திரும்பினார்.

“போச்சு. லஞ்சம்னு புரிஞ்சுக்கிட்டாரு.”

“அப்ப மோட்டாரை நிறுத்திடுறேன்,” என்று லைல் ஓடினான்.

மோட்டார் நின்றது. கூடவே சக்கரமும் நின்றது. வெளியே நின்ற கூட்டம் மொத்தமும் என்னவோ ஏதோ என்று உள்ளே வந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து வெர்னாவையே பார்த்தார்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“ஆமா சார், மோட்டார்தான். ஓடையில தண்ணி இல்ல. இத விட்டா இந்த ஊருக்குப் பொழைப்பும் இல்ல. எழுதுறதா இருந்தா என்னைப் பத்தி எழுதுங்க, ஊரை விட்டுடுங்க.”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் வாசல் பலகையைப் படம் எடுக்கக் கிளம்பினார்கள்.

பெரியவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“இவர்கிட்ட எதுக்கும்மா இதெல்லாம் சொல்றீங்க? காலையிலேருந்து பல்வலி, கல்லு ஜில்லுன்னு இருக்குன்னு கன்னத்தை வச்சுக்கிட்டு நிக்கிறாரு.”