சம்பந்தி தந்த எலுமிச்சையும் நூற்று நாற்பத்துமூன்று இலைகளும்

மதிப்பும் பிரியமும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் பெண்ணும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி இப்போது எந்த அளவில் இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வரப்போகிறீர்கள். வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே பால்கனிக்குத்தான் போவீர்கள். அங்கே நீங்கள் பார்க்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனில் சொல்ல நாக்கு எழவில்லை, நேரில் சொல்ல முகம் இல்லை. ஆகையால் பேனாவை எடுத்தேன். நீங்கள் தந்த எலுமிச்சைச் செடியில் இப்போது முழு இலை ஒன்பதுதான் இருக்கிறது.

தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

அந்தச் செடி எனக்கு வெறும் செடி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்று நான் ஏற்பாடு செய்த வேன் உங்கள் வீட்டாரை வேறு யாரோ ஒருவருடைய கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டது. விஷயம் தெரிவதற்குள் உங்கள் தம்பி அங்கே காலைச் சாப்பாட்டையே முடித்திருந்தார். அதில் நமக்குள் ஒரு மனத்தாங்கல் விழுந்து, ஒரு வருஷம் நீங்களும் நானும் ‘சரி, சரி’ என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், உங்கள் கையாலேயே ஒட்டுக்கட்டி வளர்த்த செடியை ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, “சம்பந்தி, இது உங்க பால்கனிக்கு”ன்னு நீட்டினீர்களே, அன்றைக்குத்தான் அந்த வேன் என் மனசை விட்டு இறங்கிப் போனது. நீங்கள் போனதும் நான் செய்த முதல் வேலை இலைகளை எண்ணியதுதான். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பொருளைக் கையில் வாங்கியதும் அளக்காமல் இருக்க முடியாது. நூற்று நாற்பத்துமூன்று இலை. நோட்டில் தேதியோடு எழுதி வைத்தேன்.

முதல் மாதம் இலைக்காம்புகளின் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்ததும், எறும்புச் சாரை ஏறி இறங்கியதும், நான் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, செங்கலைச் சுற்றி ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் கட்டியதும் உங்களுக்குத் தெரியும். எறும்பு நின்றது. பத்தே நாளில் சிவப்புப் பொறிவண்டுகள் எங்கிருந்தோ வந்து மாவுப்பூச்சியைத் தின்று தீர்த்தன. “உங்க கையிலதான் சம்பந்தி செடி பிழைச்சுது” என்று நீங்கள் போனில் சொன்னதை நான் கீழ்வீடுவரை கொண்டுபோய்ச் சொன்னேன். நாக்கை அடக்கியிருக்கலாம்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை இலைமேல் குருவி எச்சம் கிடந்தது. உங்கள் செடியில் எச்சமா என்று ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்தேன். எச்சம் தலையைத் தூக்கியது. தூக்கியதோடு நிற்காமல் நெற்றியிலிருந்து செக்கச்செவேலென்று இரண்டு கொம்பை நீட்டி, அழுகின பழம் மாதிரி ஒரு நாற்றத்தையும் விட்டது. நான் போட்ட சத்தத்தில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தாள். நன்றாகப் பார்த்தால் ஒரு எச்சம் இல்லை, ஏழு எச்சம். எல்லாம் புழு. ஏற்கெனவே இருபத்திரண்டு இலை ஓரம் கடிபட்டிருந்தது. அவள் பார்த்துவிட்டு, “ஏழு பேர்தானே, தின்னுட்டுப் போகட்டும்”னு சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உங்கள் முகம் என் கண் முன்னால் வந்து நின்றதால் எனக்கு அப்படிப் பெருந்தன்மையாக இருக்க முடியவில்லை. ஏழையும் காலிப் பிஸ்கட் டப்பாவில் எடுத்துக்கொண்டு தெருக்கோடிப் பூங்காவுக்குப் போனேன். அங்கே வாட்ச்மேன், பூங்காவில் எதையும் பறிக்கத்தான் கூடாது என்று பலகை இருந்தாலும், எதையும் விடவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குள் டப்பாவைத் திறந்து பார்த்த எனக்கும், ஒரு எலுமிச்சைகூட இல்லாத இடத்தில் இவை எதைத் தின்னும் என்ற சந்தேகம் வந்துவிட்டது. வந்த வழியே திரும்பினேன்.

திரும்பும்போது கீழ்வீட்டு விலங்கியல் டீச்சர் படியில் எதிர்ப்பட்டார். டப்பாவை எட்டிப் பார்த்தவர், பால்கனிக்கும் வந்து செடியைப் பார்த்தார், தண்ணீர்த் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எறும்பை நிறுத்தினது நீங்கதானே சார்?”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“வண்ணத்துப்பூச்சி இதுல எப்பவும் முட்டை வச்சுட்டுத்தான் இருந்திருக்கும். எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும். நீங்க காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிட்டீங்க.”

விஷயம் இதுதான் சம்பந்தி. எறும்புகள் மாவுப்பூச்சியை மேய்த்துக்கொண்டிருந்தன, அது சுரக்கிற தேனுக்காகப் பொறிவண்டைக் கிட்ட விடாமல் விரட்டிக்கொண்டிருந்தன. அதே நடமாட்டத்தில் புழுக்குஞ்சுகளையும் தீர்த்துக்கட்டிக்கொண்டிருந்தன. நான் எறும்பைத் தடுத்ததில் மாவுப்பூச்சி ஒழிந்தது, புழு பிழைத்தது. ஒன்றரை அடிச் செடிக்குள் இத்தனை பேர் குடித்தனம் செய்கிறார்கள், இத்தனை பஞ்சாயத்து நடக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? செடி என்றால் செடி என்றுதான் நான் நினைத்திருந்தேன். சரி, தட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் எறும்பு வரும், இந்த ஏழும் போகும், அது உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கிப் போனார். நான் தட்டின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன். அப்புறம் அதில் குறைந்திருந்த தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டு உள்ளே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அதன் பிறகு எனக்கு வேலை சரியாக இருந்தது. ஓய்வுபெற்றபின் முதல்முறையாக ஒன்பதிலிருந்து ஐந்துவரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் பழைய சின்னத் தராசில் புழுக்களை நிறுத்தேன். முதல் நாள் முள் அசையவே இல்லை. எச்ச வேஷத்தைக் கழற்றிவிட்டுப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்ட பிறகு ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் கிராம். தன் எடையைப் போல எத்தனை மடங்கு தின்கிறது என்று கணக்குப் போட்டால் நம் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாம் சாப்பிடுகிறதே இல்லை என்று சொல்லலாம் (நம் மாப்பிள்ளையைச் சொல்லவில்லை). நடுவில் ஒரு குளவி வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால்கனிக் கதவின் பின்னால் தான் கட்டியிருந்த மண்கூட்டுக்குள் வைத்து அடைத்துவிட்டது. துடைப்பத்தை எடுத்தேன். “அதுக்கும் உள்ள பிள்ளை இருக்கு, அதுக்குச் சாப்பாடு வேணாமா?”ன்னு என் மனைவி கேட்டாள். துடைப்பத்தை வைத்துவிட்டேன். ஒரு தவிட்டுநிறக் குருவியும் கம்பியில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அதற்கு நேரே குடையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காய்கறிக் கடையில் தராசைத் தட்டிப் பார்த்துச் சண்டை போட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு உண்டல்லவா, அது எந்த நாளில் நின்றது என்றே தெரியவில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

இதற்கிடையில் நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும், “செடி எப்படி சம்பந்தி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நானும் அமோகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கள் பெண்ணோ, “மாமா என்னைவிட அந்தச் செடியைத்தான்பா அதிகமா விசாரிக்கிறாரு”ன்னு வேறு சொன்னாள். நீங்கள் படம் கேட்டபோது முதல் வாரம் எடுத்த படத்தை அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் பார்த்தேன், பின்னால் சுவரில் காலண்டர் தெரிகிறது, அதில் இரண்டு மாதம் முந்தைய பக்கம். நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனித்தும் கேட்காமல் இருந்தது உங்கள் மரியாதை. அதுதான் என்னை அதிகமாக அறுத்தது.

முப்பத்தெட்டு இலை மிஞ்சியபோது எனக்குப் புத்தி கெட்டது. நர்சரிக்குப் போய் அதே உயரத்தில், அதே மாதிரித் தொட்டியில், இலையெல்லாம் எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிற ஒரு எலுமிச்சையாகப் பார்த்து வாங்கி வந்தேன். நீங்கள் வரும்போது அதை முன்னால் வைத்துவிடலாம் என்று எண்ணம். இதை எழுதும்போதே கூசுகிறது. என் மனைவி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒட்டுக்கட்டின இடத்துல அவர் சுத்தின நூலோட தழும்பு இருக்கே, அதை எங்க போய் வாங்குவீங்க?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள். சரி, வாங்கியது வாங்கியாயிற்று, உங்கள் செடிக்குப் பாரம் குறையட்டும் என்று மூன்று புழுக்களை எடுத்துப் புதுச் செடியில் விட்டேன். மதியத்துக்குள் இரண்டு துவண்டு, இலையிலிருந்து நழுவித் தொட்டி மண்ணில் கிடந்தன. மூன்றாவதை அப்படியே கையில் ஏந்தி உங்கள் செடிக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் நர்சரிக்குப் போய் விசாரித்தால் அந்தம்மா சாதாரணமாக, “வாரத்துக்கு ரெண்டு தடவை மருந்தடிக்கிறோம் சார், அதனாலதான் இலை இப்படிப் பளபளன்னு நிக்குது” என்றார். நான் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்று மட்டும் அப்போது புரிந்தது சம்பந்தி. நீங்கள் வளர்த்த செடியில் ஒரு சொட்டு மருந்து கிடையாது. அதனால்தான் அத்தனை பேர் அதை நம்பி வந்தார்கள்.

மிஞ்சிய நான்கும் கொஞ்ச நாளில் தின்பதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக நடந்து போய்க் கூட்டுப்புழு ஆயின. ஒன்று உங்கள் செடியின் தண்டில். ஒன்று துணி உலர்த்தும் ஸ்டாண்டின் காலில், அதனால் ஸ்டாண்டை மடிக்க முடியாது. ஒன்று துடைப்பக் கைப்பிடியில், அதனால் புதுத் துடைப்பம் வாங்கினோம். நான்காவதை இரண்டு நாள் தேடினோம், நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு அடியிலேயே இருந்தது. அன்றிலிருந்து நான் நின்றேன். ஒன்பதாம் நாள் காலை, துடைப்பத்தில் இருந்தது முதலில் வெடித்தது. வெளியே வந்தது சுருட்டிப் போட்ட ஈரக் கைக்குட்டை மாதிரி இருந்தது, எனக்குப் பகீரென்றது. ஆனால் தொங்கிக்கொண்டே மெல்ல மெல்ல விரிந்தது. கறுப்பில் வெளிர்மஞ்சள் கட்டம், கீழ் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. என் மனைவி கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள். பத்தரை மணிக்கு அது பறந்து, எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று நாளில் நான்கும் போய்ச் சேர்ந்தன.

ஆக, உங்களிடம் பொய் சொன்னேன், பழைய படம் அனுப்பினேன், ஆள்மாறாட்டத்துக்கும் முயன்றேன். மன்னிக்க வேண்டும். ஆனால் செடி சாகவில்லை. மொட்டையாக நின்ற கிளைகளில் இப்போது இளந்தளிர் பதினாறு இடத்தில் குத்திக்கொண்டு வருகிறது. அவற்றையாவது முழுசாக உங்களிடம் காட்டவேண்டும் என்று செடிக்கு மேல் கொசுவலை போட்டு நான்கு பக்கமும் கட்டிவிட்டேன். இனி ஒரு வண்ணத்துப்பூச்சியும் அதில் உட்காராது. இது முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்திய கை கொடுக்கும் வாக்கு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் ஆசீர்வாதம், அவர்கள் எப்போதும் மனம் நிறைந்து இருக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதீர்கள், முழங்காலை நீட்ட முடியாது.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
சம்பந்தி

பி.கு.: உறை ஒட்டப் போகும்போது ஒரு கட்டம்போட்டது வந்து வலைமேல் முட்டி முட்டிச் சுற்றியது. நம் வீட்டுப் பிள்ளையா, ஊரார் பிள்ளையா என்று தெரியாது. முக்கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு ஒரு பக்கத்து முடிச்சை மட்டும் அவிழ்த்தேன். மற்ற மூன்றை அவிழ்த்தது யார் என்று எழுதக்கூடாது என்று உங்கள் சம்பந்தியம்மாள், அதாவது என் மனைவி, சொல்லியிருக்கிறாள். தளிரில் இப்போது முட்டை பதினொன்று, கடுகளவு, மஞ்சள் நிறம். ஆகவே மேலே கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டதையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், மொத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது உங்கள் கையால் ஒட்டுக்கட்டினது இன்னொரு செடி கொண்டுவர முடியுமா? மடியில் இடமிருந்தால் இரண்டு.