மெத்தைக் காக்காவும் மூன்று அகிலக் கூட்டணியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் கல்யாணம் முடித்தவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாப்பிள்ளையாகப் போய்ப் படுத்த மெத்தையில் உங்களுக்கு முன்பே இரண்டு தடியன்கள் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். கோபப்படாதீர்கள். ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்ட எங்கள் மெத்தைக் காக்கா மெத்தைக்குத் தரம் பார்த்ததே அப்படித்தான்.

பகலெல்லாம் இலவம்பஞ்சு அடைத்து மெத்தை தைப்பார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் அதே மெத்தைகளை வீட்டு வளவில் விரித்து, மேலே படங்குச் சீலையை இழுத்துக் கட்டி, குஸ்தி நடத்துவார். அதற்கு யானைப்பிடி மல்யுத்த மன்றம் என்று பெயர். தலைவர், பயிற்சியாளர், நடுவர், கச்சான் கடலை விற்பவர் எல்லாம் அவரே. மல்லர்கள் ஆறு பேர். கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த நான் செயலாளர். கையெழுத்து அழகு என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஒருநாள் மகளின் கல்யாண மெத்தையை எடுத்துப்போக ஒரு ஹாஜியார் சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார். வளவைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

"என்ன காக்கா இது? என்ட மகள்ட மெத்தையில ரெண்டு கடாமாடு கிடக்கு!"

"கத்தாதீங்க ஹாஜியார். அஞ்சு குஸ்தி தாங்கின மெத்த அம்பது வருசம் தாங்கும். டேய், எழும்பி ஹாஜியாருக்கு இடம் குடுங்கடா. நீங்களும் ஒருக்கா விழுந்து பாருங்க."

ஹாஜியார் விழுந்து பார்த்தார். போகும்போது தனக்கும் ஒரு மெத்தை தைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பிடி அப்படியே நிற்கும். யார் கை யார் கழுத்தில், யார் முழங்கால் யார் முதுகில் என்று நான் கொப்பியில் குறிக்கவேண்டும். தொழுதுவிட்டு வந்து அதே பிடியில் தொடங்குவார்கள். ஒருமுறை வலது காலை இடது கால் என்று எழுதிவிட்டேன். "நான் தோத்தது எதிராளியால இல்ல, செக்கட்டரியால" என்று ஒருவன் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

காக்காவின் சட்டங்களில் முதலாவது இது: வென்றவன் மறுநாள் தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சுகம் விசாரிக்கவேண்டும். போகாதவனுக்கு அடுத்த குஸ்தி கிடையாது. எங்கள் கெட்டிக்கார மல்லர்கள் இருவர். கல்முனை இஸ்மாயில் எங்கள் முஸ்லிம் பொடியன், காரைதீவுத் தவராசா பக்கத்துத் தமிழ் ஊர்ப் பொடியன். ஆளுக்கு ஆள் சளைத்தவர்கள் அல்ல. அதனால் ஒரு கிழமை இஸ்மாயிலின் சைக்கிள் காரைதீவில் நிற்கும், மறு கிழமை தவராசாவின் சைக்கிள் கல்முனையில் நிற்கும். அடித்த அடிக்கு மருந்தாக அவன் வீட்டில் இவன் மீன்குழம்பு தின்பான், இவன் வீட்டில் அவன் வட்டிலப்பம் தின்பான்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மல்யுத்தக் கூட்டணியின் மனேஜர் காரில் வந்து இறங்கினார். கூட்டணியின் பெயர் மறந்துவிட்டது. அதில் மூன்று இடத்தில் 'அகில' வந்ததாக ஞாபகம். எங்கள் மன்றம் கூட்டணியில் சேர்ந்தால் கயிறு கட்டிய மேடை, மின்விளக்கு, கொழும்பில் குஸ்தி எல்லாம் உண்டு என்றார். ஆறு பேருக்கும் கண் விரிந்தது.

"ஒரே ஒரு கண்டிஷன் மிஸ்டர். இஸ்மாயிலும் தவராசாவும் பரம எதிரிகள். போஸ்டரில அப்பிடித்தான் போடுவம். வெளியில ரெண்டு பேரையும் சேர்த்து ஒருத்தரும் காணக்கூடாது. ஒரே பஸ்ஸில போகவும் கூடாது."

"அப்ப சுகம் விசாரிக்கப் போறது?" என்று காக்கா கேட்டார்.

"எதிரி எதிரிட வீட்டுக்குப் போவானா மிஸ்டர்?"

காக்கா தாடியைத் தடவினார். எங்களைப் பார்த்து, "சேர விருப்பமானவங்க கை உசத்துங்க" என்றார். முதலில் உயர்ந்தது என் கை. மற்ற ஆறு கைகளும் உயர்ந்தன, தவராசாவினுடையதும்தான். "எல்லாருக்கும் ஆசயெண்டா எனக்கு என்ன" என்று காக்காவும் கையைத் தூக்கினார்.

ஒரு மாதத்தில் எங்கள் ஊர் மைதானத்திலேயே முதல் குஸ்தி. கல்முனைச் சந்தையிலிருந்து காரைதீவுச் சந்திவரை சுவரொட்டிகள். ஒரு பக்கம் இஸ்மாயில் பல்லைக் கடிக்கிறான், மறுபக்கம் தவராசா முஷ்டியை முறுக்குகிறான். நடுவில் 'இரத்தப் பகை!' என்று கொட்டை எழுத்து. இரண்டு பேருடைய ஊர்ப் பெயரும் அவர்கள் பெயரைவிடப் பெரிது.

தவராசாவின் அப்பா சைக்கிளில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருக்களில் விற்பவர். சுவரொட்டி ஒட்டிய மூன்றாம் நாள், வழக்கமாக வாங்கும் ஒரு வீட்டில், "ஒங்கட மகன் எங்கட பொடியன முறிக்கப் போறானாமே" என்று கேட்டு வேலிக் கடப்பைச் சாத்திவிட்டார்கள். அடுத்த வீட்டிலும் அதே கதை. பாதிப் பெட்டி மீனோடு அவர் திரும்பிப் போனதை, தெருவோரம் பஞ்சு காயவைத்துக்கொண்டிருந்த காக்கா பார்த்திருக்கிறார்.

எங்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு, "செக்கட்டரி, அழகா நூறு துண்டு எழுது" என்று மட்டும் சொன்னார். என்ன வசனம் என்று கேட்டேன். 'குஸ்தி உண்மை. பகை பொய். இருவரும் கூட்டாளிகள். இப்படிக்கு, தலைவர்.' விளையாடுகிறார் என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். மனிதர் கோதுமை மாப் பசையோடு புறப்பட்டு, 'இரத்தப் பகை'யின் மேல் ஒன்றுவிடாமல் ஒட்டிவிட்டு வந்தார்.

குஸ்தி நாளன்று சனம் நிரம்பி வழிந்தது. தவராசா மேடையில் ஏறி உறுமினான். சனத்துக்குள்ளிருந்து ஒருவர், "மச்சானப் பாத்து முறைக்காத தம்பி, நாளைக்கு சோறு கிடைக்காது!" என்றார். மைதானமே சிரித்தது. இஸ்மாயிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துத் தவராசாவும் சிரித்தான். மனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மேடையைக் கழற்றி, கயிற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஆட்களுக்குக் கோபம் தாங்கவில்லை. "எங்களுக்குத் தொறந்த ஒரே வாசல் காக்கா அது. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று இஸ்மாயில் அழுதான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதன் பிறகு ஒரு கிழமை அந்த வளவுக்கு ஒருவரும் போகவில்லை.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம் என்று நான்தான் போனேன். காக்கா மடியில் சிவப்புச் சாட்டின் துணியை வைத்துத் தையல் பிரித்துக்கொண்டிருந்தார். கொழும்பு மேடையில் மல்லர்கள் போர்த்துக்கொண்டு ஏறுவதற்காக இரகசியமாகத் தைத்த அங்கிகள். எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தன.

"ஏழாவது யாருக்கு காக்கா?"

"எனக்குத்தான். லைட்டுக்குக் கீழ ஒருக்கா நிக்கோணுமெண்டு எனக்கும் ஆச மனே." ஊசியால் ஒரு நூலை இழுத்தார். கண் கலங்கியிருந்தது. "இப்ப தலகணி உறைக்குத்தான் ஆகும். நான் செஞ்சது சரியா பிழையா எண்டு எனக்கே விளங்கல்ல. நீ படிச்சவன், சொல்லு."

எனக்கும் கோபம் தீர்ந்திருக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் கொப்பியை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

பிறகு வந்த வருடங்களில் தமிழரும் முஸ்லிம்களும் பகைத்துக்கொண்டு, கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில் அந்த வீதியில் என்னென்ன நடந்தது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போது, நேரே போய், "நீங்க செஞ்சது சரிதான் காக்கா" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.