இன்ஸ்பெக்டரே குடுத்த பர்மிஷன்

"அனுமதிக்க விரும்புகிறீர்களா?" என்று லேப்டாப் மறுபடியும் கேட்டது.

துரைராஜ் 'இல்லை' என்பதை அமுக்கினார். காலையிலிருந்து அதைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தார்.

மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்து அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். கூழ் கொதித்து இறக்கியாகிவிட்டது. சொம்பும் தூக்குமாகச் சனம் வரிசையில் நிற்கிறது. பாட்டை மட்டும் காணோம். பாட்டில்லாமல் கூழ் ஊற்றினார்கள் என்ற பேச்சு அந்தத் தெருவில் இதுவரை வந்ததில்லை. வந்தால் அது துரைராஜ் மைக் செட்டின் தலையில்தான் விடியும்.

பாட்டெல்லாம் இந்தச் சனியன் பிடித்த பெட்டிக்குள் இருந்தது. பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் சேரன், தன் பழைய லேப்டாப்பைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்து, "இனிமே சிடி வேணாம் நைனா, எல்லாப் பாட்டும் உள்ள கீது" என்றிருந்தான். உள்ளே இருந்தது வாஸ்தவம். வெளியே வரத்தான் ஆயிரத்தெட்டு கேள்வி.

விழாக் கமிட்டித் தலைவர் கபாலி வந்து நின்றார். "இன்னா துரை, சத்தத்தையே காணோம்?"

"எதையோ மாத்தணுமாம் கபாலி. மாத்தட்டுமான்னு கேக்குது. வூட்டுக்குள்ள வந்து சாமானத்த மாத்தி வெக்கட்டுமான்னு ஒருத்தன் கேட்டா, நீ சரின்னுவியா?"

"சரின்னு போட்டுத் தொலையேன்!"

"போடறேன். அப்பறம் உள்ள கீறதெல்லாம் போய்ட்டா நீ குடுப்பியா?"

வரிசையில் சொம்போடு நின்ற அக்பர் பாஷா சிரித்தார். அடுத்த தெருவில் மைக் செட் வைத்திருப்பவர். "அண்ணாத்த, நம்ம செட்டு வண்டிலயே கீது. எறக்கட்டா?"

"நீ கூழு குடிக்க வந்தியா, என் பொழப்பக் குடிக்க வந்தியா?"

கபாலி முடிவாகச் சொன்னார். "இத பாரு. மொத அகப்ப ஊத்தறதுக்குள்ள பாட்டு வரல, இந்த வருஷத்துலேர்ந்து பாஷா செட்டுதான்."

நாற்பது வருஷமாக அந்த அம்மனுக்குப் பாடியது துரைராஜ் செட். அதைப் போய் ஒரு பெட்டி கெடுப்பதா? அவருக்குத் தலைக்கேறியது. சட்டைப் பையிலிருந்து, ஸ்பீக்கர் கட்ட ஸ்டேஷனில் வாங்கிய அனுமதிக் கடிதத்தை எடுத்து உதறினார். லேப்டாப்பின் நெற்றியில் ஒரு கேமரா இருந்தது. தன்னை வேவு பார்க்குமென்று அதன்மேல் முதல் நாளே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். இப்போது அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, கடிதத்தை அதற்கு நேராகப் பிடித்தார்.

"நல்லா பாத்துக்கோ. சீலு கீதா? இன்ஸ்பெக்டரே பர்மிஷன் குடுத்துட்டாரு. நடுவுல நீ யாரு?"

"அனுமதிக்க விரும்புகிறீர்களா?" என்றது அது.

இனி மரியாதை கிடையாது. அணைத்துப் போட்டால் புத்தி வரும் என்று அணைத்துப் போட்டார். வந்தது. கடவுச்சொல் கேட்டது.

கடிதத்தை உதறிய வேகத்தில் கை பட்டுப் பக்கத்திலிருந்த மைக் ஆன் ஆகியிருந்தது. ஸ்பீக்கரோடேயே குடும்பம் நடத்தி அவருக்குக் காது மந்தம், தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. தெருக்கோடி வரை சனம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

மகனுக்குப் போன் போட்டு, முழுச் சத்தம் வைத்து, மைக் பக்கத்திலேயே வைத்து, "பாஸ்வேர்டு கேக்குதுடா" என்றார்.

"மீட்டிங்ல கீறேன் நைனா. சீக்கிரம் சொல்லு. பாஸ்வேர்டு உன் பொறந்த வருஷம்தான?"

"அத இன்னிக்குக் காலைலதான் மாத்தினேன். என் பொறந்த வருஷம்தான் உனக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சா இன்னா?"

"நீ தொறந்துடுவியே!"

"நான்தான நைனா குடுத்தேன்! சரி, இப்ப இன்னா பாஸ்வேர்டு?"

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வெச்சேன். இப்ப எனக்கும் தெரியல."

கூழ் வரிசையில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். பசி மயக்கம் போலிருக்கிறது என்று துரைராஜ் நினைத்தார்.

"கீழ 'மீட்டமை'ன்னு இருக்கும், அமுக்கு. மூணு கேள்வி கேக்கும். அன்னிக்கு நீ போட்ட பதிலையே போடு, தொறந்துடும்."

துரைராஜ் அமுக்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "நீங்கள் பிறந்த ஊர் எது. படித்த முதல் பள்ளி எது. முதலில் வளர்த்த பிராணி எது." படிக்கப் படிக்க மூக்கு விடைத்தது. "இன்னாடா இது, பொண்ணு குடுக்கறவன் மாதிரி விசாரிக்குது!"

"பதிலப் போடு நைனா."

'மயிலாப்பூர்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். தவறான பதில் என்றது.

"யோவ், நான் பொறந்தது எனக்குத் தெரியாதா?" என்று அதன் மேல் பாய்ந்தார்.

சேரனுக்குச் சந்தேகம் வந்தது. "நைனா, அன்னிக்கு உண்மையத்தான போட்ட?"

"முன்ன பின்ன தெரியாத மிஷினுக்கு எவன்டா உண்மை சொல்லுவான்?"

"அப்ப?"

"பொய்தான் போட்டேன்."

"இன்னா பொய்?"

"வாய்க்கு வந்த பொய்! அதெல்லாமா ஞாபகம் வெச்சிப்பாங்க?"

அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சேரன், "பாஷா மாமாவையே கூப்ட்டுக்கோ நைனா" என்று போனை வைத்துவிட்டான்.

கபாலி திரும்பினார். "பாஷா, எறக்குப்பா."

பாஷா வண்டிப் பக்கம் நகர்ந்தார். துரைராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அடுத்த வருஷம் அதில் யார் உட்காருவார் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது கூழ்ப் பானைப் பக்கமிருந்து அவர் மனைவி செண்பகம், கையில் அகப்பையோடு வந்தாள்.

"தள்ளு."

"உனக்கு இன்னாமே தெரியும் இதப்பத்தி?"

"தள்ளுயா."

மகளிர் குழு வாட்ஸ்அப்பில் ஓயாமல் தட்டிப் பழகிய விரல். வாயால் சொல்லிக்கொண்டே தட்டினாள். "பொறந்தது ரங்கூன். படிச்சது கான்வென்ட். வளத்தது குதிர."

லேப்டாப் மறுபேச்சுப் பேசாமல் புதிய கடவுச்சொல்லைக் கேட்டது. புருஷன் எட்டிப் பார்க்காதபடி முந்தானையை மறைத்துப் பிடித்து அதையும் போட்டாள். அனுமதிக்க விரும்புகிறீர்களா என்று அது வாயைத் திறப்பதற்குள் 'ஆம்' என்று ஒரே அமுக்கு. திரையில் ஒரு வட்டம் சுற்றி, பாட்டுப் பட்டியல் வந்து நின்றது. பாஷா வண்டிக் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார்.

துரைராஜ் குனிந்து, மைக்குக்குப் பக்கத்திலேயே, ரகசியமாகக் கேட்டார். "யாருக்கும் தெரியாத பொய்மே அது. உனக்கு எப்டித் தெரியும்?"

தெரு மூச்சுவிடாமல் கேட்டது.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பன் கேட்டதுக்கும் இதையேதான்யா சொன்ன" என்றாள் செண்பகம். "உனக்குத் தெரிஞ்ச பொய்யே மொத்தம் மூணுதான்."